மெழுகுவர்த்தி ஏலம் முதல் இணைய ஏலம் வரை

உங்கள் வீட்டுப் பரணில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். ஓடாத சுவர்க் கடிகாரம், பாட்டனார் காலத்து வால்வு ரேடியோ, பிலிம் போட்டு எடுக்கும் காமிரா, ஒரு பெட்டி நிறையப் பழைய அஞ்சல் தலைகள் என்று ஏதேனும் ஒன்றாவது அங்கே கிடக்கும். பழைய சாமான் வாங்குபவரிடம் கொடுத்தால் அவர் தராசில் வைத்து, இரும்புக்கு இவ்வளவு, பிளாஸ்டிக்குக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துப் பணம் தருவார். தராசு பொருளின் எடையை அறியும். அதன் மதிப்பை அறியாது. அந்த வால்வு ரேடியோவின் ஒரு வால்வுக்காக எங்கோ ஓர் ஊரில் ஒருவர் மாதக்கணக்கில் அலைந்துகொண்டிருக்கலாம். அவரை எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் எவ்வளவு தருவார் என்று எப்படி அறிவது?

வெப்பநிலையை அளக்க வெப்பமானி இருப்பதுபோல, விலை தெரியாத பொருளின் மதிப்பை அளக்கவும் மனிதன் ஒரு கருவியைக் கண்டான். அதுதான் ஏலம். எல்லாக் கருவிகளையும்போல இதுவும் ஒரே நாளில் உருவானதன்று. பல நூற்றாண்டுகளில் திருத்தம் பெற்று வளர்ந்தது. இன்று கணினி வழியே பழைய பொருளை ஏலத்தில் விற்க முனையும் எவரும் இந்த வரலாற்றை அறிந்திருப்பது நல்லது. இதிலுள்ள ஒவ்வொரு விதியும் யாரோ ஒருவர் ஏமாந்ததிலிருந்து பிறந்தது!

ஒரு பேரரசே ஏலம் போன கதை

ஏலம் நமக்குப் புதியதன்று. மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் கேட்கும் ஏலக் குரல், அடகுக் கடையில் மீட்கப்படாத நகைகளின் ஏலம், ஏலச்சீட்டு ஆகியவற்றை அறியாதவர் யார்? ஆனால் ‘ஏலம்’ என்னும் சொல்லே போர்த்துக்கீசியரின் ‘லெய்லாவ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது அகராதி அறிஞர் கருத்து. இந்தியில் வழங்கும் ‘நீலாம்’ என்பதும் அதன் உறவே.

ஏலத்தைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்றை கி.மு. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தருகிறார். பாபிலோனியாவில் மணப்பெண்களையே ஏலம் விட்டார்கள் என்று அவர் எழுதியுள்ளார். ரோமானியர் போரில் கொள்ளையிட்ட பொருள்களையும் சிறைப்பிடித்த மக்களையும் ஏலத்தில் விற்றனர். அமெரிக்காவில் 1865-இல் அடிமை முறை ஒழியும்வரை மனிதர்கள் ஏல மேடையில் நிறுத்தப்பட்டார்கள். கருவி எதையும் அளக்கும்; எதை அளக்கலாம், எதை அளக்கக் கூடாது என்பதை மனிதன்தான் முடிவு செய்ய வேண்டும்.

கி.பி. 193-இல் ரோம் நகரில் ஒரு விந்தை நடந்தது. அரசரின் மெய்க்காவல் படையினர் பேரரசர் பெர்ட்டினாக்சைக் கொன்றுவிட்டு, அரியணையையே ஏலத்துக்கு விட்டார்கள். டிடியஸ் ஜூலியானஸ் என்ற செல்வர், படைவீரர் ஒவ்வொருவருக்கும் 25,000 செஸ்டர்ஸ் நாணயம் தருவதாகக் கூறி ஏலத்தை எடுத்தார். அவருடைய ஆட்சி எத்தனை நாள் நிலைத்தது தெரியுமா? 66 நாள்! எல்லைப்புறத் தளபதி செவெரஸ் படையெடுத்து வர, ஜூலியானஸ் கொல்லப்பட்டார். விற்றவர்களுக்கு விற்கும் உரிமையே இல்லை என்பதை வாங்கியவர் எண்ணிப் பார்க்கவில்லை. ஏலத்தின் முதல் பாடம் இதுவே. பொருள் விற்பவருடையதுதானா என்பது விலைக்கு முன்பே எழ வேண்டிய கேள்வி.

புகையைக் கவனித்த மனிதர்

ஏலம் எப்போது முடிகிறது? ‘ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்’ என்று கூறுவது நம் வழக்கம். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேறொரு முறை இருந்தது. ஓர் அங்குல நீள மெழுகுவர்த்தியை ஏற்றி வைப்பார்கள். அது எரியும்வரை விலை கேட்கலாம். சுடர் அணையும் கணத்தில் கடைசியாகக் கேட்டவருக்கே பொருள்.

ஆங்கிலக் கடற்படை அலுவலகத்தில் பணியாற்றிய சாமுவேல் பெப்பிஸ் என்பவர் இத்தகைய கப்பல் ஏலங்களை 1660-இலும் 1662-இலும் நேரில் கண்டு, தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். முதலில் எல்லாரும் தயங்கி நிற்பார்கள். சுடர் மங்கியதும் ஒரே நேரத்தில் கூச்சலிடுவார்கள். கடைசியாகக் கேட்டவர் யார் என்று கண்டறிவதே பெரும்பாடாகிவிடும். 1662-ஆம் ஆண்டு ஏலத்தில் ஒருவர் மட்டும் சரியான கணத்தில் கேட்டு வென்றார். அந்த இரகசியத்தை அவரிடமே பெப்பிஸ் விசாரித்தார். சுடர் அணையும் தறுவாயில் புகை கீழ்நோக்கி இறங்கும். அதைக் கண்டதும் விலை கேட்க வேண்டும் என்பதே அவர் சொன்ன விடை.

இயற்பியல் மாணவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். சுடர் வலுவாக எரியும்போது அதைச் சுற்றியுள்ள காற்று சூடாகி, அடர்த்தி குறைந்து மேலெழுகிறது. புகையும் அதனுடன் மேலே செல்கிறது. இதுவே வெப்பச்சலனம். சுடர் ஒடுங்கும்போது வெப்பம் குறைகிறது. மேல்நோக்கிய காற்றோட்டம் தளர்கிறது. குளிர்ந்த மெழுகின் நுண்துளிகளைத் தாங்கிய புகை தாழ்கிறது. வெப்பச்சலனத்தைக் கண்ணால் கவனித்தே ஒருவர் ஏலத்தில் வென்றிருக்கிறார்! இந்த மனிதரை நாம் பின்னர் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

18-ஆம் நூற்றாண்டில் ஏலம் ஒரு நிலையான தொழிலாயிற்று. இலண்டனில் 1744-இல் சாமுவேல் பேக்கர் நடத்திய புத்தக ஏலத்திலிருந்து சோதபி நிறுவனம் வளர்ந்தது. 1766-இல் ஜேம்ஸ் கிறிஸ்டி தம் முதல் ஏலத்தை நடத்தினார். இன்று கோடிக்கணக்கான டாலருக்கு ஓவியங்களை விற்கும் அந்த நிறுவனம் அன்று விற்றது என்ன? இறந்துபோன ஒரு சீமானின் வீட்டுச் சாமான்களைத்தான்!

ஹாலந்து நாட்டில் 1887 முதல் காய்கறி விற்பனையில் இதற்கு நேர்மாறான முறை பரவியது. விலை உயரத்தில் தொடங்கிப் படிப்படியாக இறங்கிக்கொண்டே வரும். முதலில் குரல் கொடுப்பவருக்குச் சரக்கு. பிற்காலத்தில் இதற்கென முள் சுழலும் பெரிய கடிகாரங்கள் வந்தன. வாடிப்போகும் காய்க்கும் பூவுக்கும் நேரமே பகை. இந்த முறையில் ஒரே ஒரு குரலில் விற்பனை முடிந்துவிடுகிறது.

கவிஞரின் முத்திரையிட்ட உறை

1797-இல் செருமானியக் கவிஞர் கெதே தம் ‘ஹெர்மனும் டோரோத்தியாவும்’ என்ற காவியத்தை வெளியீட்டாளர் ஒருவருக்கு விற்க விரும்பினார். தம் நூலுக்கு அந்த வெளியீட்டாளர் உண்மையிலேயே என்ன மதிப்பு வைக்கிறார் என்று அறிய வேண்டும். நேரில் கேட்டால் குறைத்துத்தானே சொல்வார்?

கெதே ஒரு வழி கண்டார். தாம் எதிர்பார்க்கும் தொகையை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு முத்திரை வைத்து நண்பரிடம் ஒப்படைத்தார். வெளியீட்டாளர் தம் விலையைச் சொல்ல வேண்டும். அது உறையிலுள்ள தொகைக்குக் குறைவாக இருந்தால் பேச்சு முறிந்தது. அதிகமாக இருந்தால் உறையிலுள்ள தொகையை மட்டும் கொடுத்தால் போதும்.

இதிலுள்ள நுட்பத்தைப் பாருங்கள். வெளியீட்டாளர் சொல்லும் விலை, அவர் கொடுக்கும் விலையைத் தீர்மானிப்பதில்லை. ஆகவே குறைத்துச் சொல்வதால் அவருக்கு இலாபம் இல்லை. நூலை இழக்கும் ஆபத்துத்தான் உண்டு. ஆனால் நடந்தது என்ன? உறையை வைத்திருந்த நண்பர் இரகசியத்தை வெளியீட்டாளருக்குக் கசியவிட்டார். உறையில் இருந்தது 1,000 தாலர். வெளியீட்டாளர் கேட்டதும் சரியாக 1,000 தாலர். முறை சிறந்ததுதான், இரகசியம் காக்கப்படாததால் கெதே அறிய விரும்பியது அவருக்குத் தெரியாமலே போயிற்று.

1890-களில் அமெரிக்க அஞ்சல் தலை வணிகர்கள் இதையொத்த ஒரு முறையைக் கையாண்டனர். தொலைவிலுள்ள சேகரிப்பாளர்கள் தங்கள் உச்ச விலையைக் கடிதத்தில் எழுதி அனுப்புவர். அதிக விலை எழுதியவருக்குத் தலை கிடைக்கும்; ஆனால் அவர் கொடுக்க வேண்டியது இரண்டாவது விலையை ஒட்டிய தொகையே. 1961-இல் வில்லியம் விக்ரி என்ற பொருளியல் அறிஞர் இந்த முறையின் சிறப்பைக் கணித வழியில் நிறுவினார். 1996-இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் அவர் காலமானார்.

விக்ரியின் கருத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு பழைய ரேடியோ உங்களுக்கு 800 ரூபாய் பெறும் என்று கொள்வோம். நீங்கள் தந்திரமாக 700 ரூபாய் என்று எழுதுகிறீர்கள். மற்றொருவர் 750 எழுதினால் ரேடியோ அவருக்குப் போய்விடும். உண்மையை எழுதியிருந்தால் 750-க்கு உங்களுக்குக் கிடைத்திருக்கும். 50 ரூபாய் ஆதாயம். மாறாக 900 என்று எழுதுகிறீர்கள். மற்றவர் 850 எழுதுகிறார். ரேடியோ உங்களுக்குத்தான், ஆனால் 800 பெறும் பொருளுக்கு 850 கொடுத்துவிட்டீர்கள். கூட்டியும் பயனில்லை, குறைத்தும் பயனில்லை. உண்மை மதிப்பை எழுதுவதே சிறந்த வழி.

உடைந்த லேசர்

1995-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். பாரிசில் ஈரானியப் பெற்றோருக்குப் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பியர் ஓமிடியார் என்ற 28 வயதுக் கணினிப் பொறியாளர், ‘ஆக்‌ஷன்வெப்’ என்ற பெயரில் இணையத்தில் ஓர் ஏலப் பகுதியைத் தொடங்கினார். இதுவே 1997-இல் ‘ஈபே’ என்று பெயர் பெற்றது. தம் மனைவியாக வரவிருந்த பெண்ணின் மிட்டாய் டப்பாச் சேகரிப்புக்கு உதவவே அவர் இதைத் தொடங்கினார் என்ற கதை நெடுநாள் உலவியது. அது விளம்பரத்துக்காகக் கட்டப்பட்ட கதை என்பது பின்னர் தெரியவந்தது.

உண்மையில் அங்கே முதலில் விற்ற பொருள் உடைந்துபோன ஒரு லேசர் சுட்டி! பழுதானது என்று குறிப்பிட்டே ஓமிடியார் அதைப் பட்டியலில் சேர்த்தார். அது 14.83 டாலருக்கு விலை போயிற்று. வியப்படைந்த அவர், இது வேலை செய்யாது என்பது தெரியுமா என்று வாங்கியவரைக் கேட்டார். உடைந்த லேசர் சுட்டிகளைத் தாம் சேகரிப்பதாக அவர் விடை தந்தார்.

சற்றுச் சிந்தித்தால் இதில் வியப்பில்லை. லேசர் சுட்டியினுள் லேசர் டயோடு, ஒளியை இணைக்கற்றையாக்கும் வில்லை, மின்சுற்று, மின்கலக் கூடு என்று பல பாகங்கள் உண்டு. ஒன்று பழுதானாலும் கருவி நின்றுவிடும். ஆனால் மற்ற பாகங்கள் நன்றாகவே இருக்கும். கைத்திறன் உடையவருக்கு இரண்டு உடைந்த கருவிகள் சேர்ந்தால் ஒரு நல்ல கருவி. ஒருவருக்குக் குப்பை, மற்றொருவருக்கு மூலப்பொருள். இந்த இருவரும் ஒரே தெருவில் இருப்பது அரிது. அவர்களைச் சந்திக்க வைத்ததே இணைய ஏலத்தின் சாதனை.

இந்தத் தளம் விக்ரியின் முறையையும் தனதாக்கிக்கொண்டது. வாங்குபவர் தம் உச்ச விலையைக் கணினியிடம் சொல்லிவிடுகிறார். மற்றவர்கள் கேட்கக் கேட்க, கணினி அவர் சார்பில் ஒரு படி மட்டும் கூட்டிக் கேட்கிறது. முடிவில் அவர் கொடுப்பது, இரண்டாவது விலைக்கு ஒரு படி மேலான தொகையே. கெதேயின் உறை இப்போது கணினியின் நினைவகத்தில் இருக்கிறது.

முகம் தெரியாதவரை நம்புவது எப்படி?

1970-இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளியலார் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஏமாறுவோம் என்று அஞ்சி வாங்குபவர் எல்லாக் காருக்கும் குறைந்த விலையே கேட்பார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார். நல்லவை விலகப் பழுதானவை மட்டும் மிஞ்சும். முடிவில் சந்தையே அழியலாம். இக்கருத்துக்காக 2001-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இணைய ஏலத்தில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. பொருளைத் தொட்டுப் பார்க்க இயலாது. விற்பவரின் முகமும் தெரியாது. தொடக்கத்தில் வாங்குவோர் விற்போர் சச்சரவுகள் ஓமிடியாருக்கே வந்து குவிந்தன. 1996 பிப்ரவரியில் அவர் ஒரு தீர்வு கண்டார். ஒவ்வொரு விற்பனைக்குப் பின்னும் இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எல்லாரும் காணும்படி மதிப்புரை எழுத வேண்டும். மக்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள் என்பது அவர் நம்பிக்கை. மற்றவர்களை அடையாளம் காட்டினால் போதும்.

இந்த நற்பெயருக்கு விலை உண்டா? ஆய்வாளர் சிலர் பழைய அஞ்சலட்டைகளை இரு வழியாக விற்றுப் பார்த்தார்கள். ஒன்று, நீண்ட நற்பெயர் உள்ள விற்பனையாளரின் பெயரில். மற்றொன்று, புதிய பெயர்களில். 2006-இல் வெளியான முடிவின்படி, நற்பெயர் உள்ளவருக்கு வாங்குவோர் 8.1 விழுக்காடு கூடுதலாகத் தர முன்வந்தனர். புதிதாக வருபவர் செலுத்தும் ‘நுழைவுக் கட்டணம்’ இது என்று கொள்ளலாம்.

இந்த முறையிலும் ஓட்டை இருந்தது. ‘நீ என்னைக் குறை சொன்னால் நானும் உன்னைக் குறை சொல்வேன்’ என்று விற்போர் பழிவாங்கத் தொடங்கவே, பலர் குறையைச் சொல்லாமல் விழுங்கினர். ஆகவே 2008-இல் விற்பவர் வாங்குபவருக்கு எதிரான மதிப்புரை எழுதும் வழி அடைக்கப்பட்டது.

கடைசி நொடியின் போட்டி

மெழுகுவர்த்திப் புகையைக் கவனித்த மனிதரை நினைவிருக்கிறதா? 340 ஆண்டுகளுக்குப் பின் அவருடைய வாரிசுகள் கணினித் திரையின்முன் அமர்ந்திருந்தார்கள். ஈபே ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும். ஆகவே பலர் கடைசி நொடிவரை காத்திருந்து விலை கேட்டனர். அதே காலத்தில் அமேசான் நடத்திய ஏலத்தில் விதி வேறு: கடைசி 10 நிமிடத்தில் யாரேனும் விலை கேட்டால் ஏலம் தானாக நீளும். ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் என்னும் இருவர் இரண்டையும் ஒப்பிட்டு 2002-இல் தம் ஆய்வை வெளியிட்டனர். கடைசி நேரக் கேள்விகள் ஈபேயில் மிக அதிகம், அமேசானில் குறைவு. மனித இயல்பு அங்கும் இங்கும் ஒன்றே. ஏலம் முடியும் விதிதான் வேறு.

புதிதாக விற்போர் அறிய வேண்டியவை

இந்த வரலாற்றிலிருந்து முதல்முறை விற்பவர் எடுத்துக்கொள்ள வேண்டியவற்றைத் தொகுத்துப் பார்ப்போம்.

முதலாவது, குறையை மறைக்காதீர்கள். இதை நீதிபோதனை என்று எண்ண வேண்டாம், இது கணக்கு. ஒரு பொருளின் மதிப்பை ஒவ்வொருவரும் மதிப்பிடும்போது பிழை நேர்கிறது. ஏலத்தில் வெல்பவர் பெரும்பாலும் மிகையாக மதிப்பிட்டவரே. இதை 1971-இல் எண்ணெய் நிறுவனப் பொறியாளர் மூவர் எடுத்துக்காட்டினர். அனுபவமுள்ளவர்கள் இதை அறிந்திருப்பதால், விவரம் தெளிவில்லாத பொருளுக்கு அஞ்சிக் குறைத்தே கேட்பார்கள். விவரம் கூடக் கூடப் பிழை குறையும்; அச்சம் நீங்கும்; விலை ஏறும். விற்பவர் தாம் அறிந்ததை முழுதும் வெளிப்படுத்தினால் சராசரியாக அவருக்கு ஆதாயமே என்று பால் மில்குரோமும் ராபர்ட் வெபரும் 1982-இல் நிறுவினர். மில்குரோம் 2020-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆகவே கீறலைத் தனியாகப் படமெடுத்துப் போடுங்கள். பகல் வெளிச்சத்தில், அளவு தெரியப் பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து எடுங்கள். மாதிரி எண், தயாரித்த ஆண்டு, ஓடுகிறதா இல்லையா என்பவற்றை எழுதுங்கள்.

இரண்டாவது, தொடக்க விலை. குறைந்த விலையில் தொடங்கினால் பலர் நுழைவார்கள்; போட்டி விலையை உயர்த்தும். ஆனால் இது பலர் தேடும் பொருளுக்கே பொருந்தும். ஒருவர் மட்டுமே தேடும் அரிய பொருளை ஒரு ரூபாயில் தொடங்கினால் ஒரு ரூபாய்க்கே போகலாம். அத்தகைய பொருளுக்கு, இதற்குக் கீழே விற்கமாட்டேன் என்ற எல்லையை முன்பே வகுத்துக்கொள்ளுங்கள். கெதேயின் நண்பரைப்போல் அதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்!

மூன்றாவது, பட்டியலிடும் முன்பே பொருளைக் கட்டி எடைபோட்டு அனுப்பும் செலவை அறிந்துகொள்ளுங்கள். 200 ரூபாய்ப் பொருளுக்கு 250 ரூபாய் கூரியர் செலவானால் விற்பனையில் பொருளில்லை. லித்தியம் மின்கலம் உள்ள கருவிகளை அனுப்பக் கட்டுப்பாடுகள் உண்டு.

நான்காவது, பழைய கைப்பேசியையும் கணினியையும் விற்கும்முன் உள்ளிருக்கும் செய்திகளை முறையாக அழியுங்கள். கோப்பை நீக்குவதால் வட்டிலுள்ள பதிவு உடனே மறைவதில்லை. அது இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்புத்தான் பெரும்பாலும் நீங்குகிறது.

ஐந்தாவது, பணம் பெறுவதில் விழிப்பு வேண்டும். உங்களுக்குப் பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு சதுரக் குறியீட்டை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணை அழுத்தச் சொல்பவர் மோசடிக்காரரே. யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை, கொடுப்பதற்குத்தான் தேவை.

ஏலத்தின் எதிர்காலம்

நம் நாட்டில் 2000-இல் ‘பாசி’ என்ற இணைய ஏலத்தளம் தொடங்கியது. 2004-இல் ஈபே அதை வாங்கியது. 2017-இல் ஈபேயின் இந்தியக் கிளை பிளிப்கார்ட்டின் கைக்குப் போய், 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. இன்று இங்கே விளம்பரமிட்டு, பேரம் பேசி, நேரில் விற்பதே மிகுதி. ஈபேயிலும் 2000-இல் ‘உடனே வாங்கு’ என்ற நிலையான விலை முறை வந்தபின் ஏலத்தின் பங்கு குறைந்துகொண்டே வந்தது. புதிய மின்விசிறியின் விலையை ஒரு நொடியில் தேடி அறிய முடியும்போது, ஏழு நாள் ஏலத்துக்குக் காத்திருப்பவர் யார்?

ஆயினும் ஏலம் மறைந்துவிடவில்லை. விலை தெரிந்த பொருளுக்கு அது வேண்டாம். விலை தெரியாத பொருளுக்கு இன்றும் அதுவே ஏற்றது. பழைய நாணயம், அஞ்சல் தலை, நின்றுபோன கடிகாரம், உற்பத்தி நிறுத்தப்பட்ட கருவியின் உதிரிப் பாகம் இவற்றுக்கெல்லாம் விலைப்பட்டியல் எங்கும் இல்லை. பேரம் பேசி விற்கும் இடத்திலும் மேலே கண்ட பாடங்கள் பொருந்தும்.

ஆகவே அடுத்த முறை பரணைச் சுத்தம் செய்யும்போது ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் பெயரையும் மாதிரி எண்ணையும் ஒரு தாளில் எழுதுங்கள். அதே பொருள் இதற்கு முன் என்ன விலைக்கு விற்றிருக்கிறது என்று தேடுங்கள். அதன்பின் தராசுக்குப் போக வேண்டியதைத் தராசுக்கு அனுப்புங்கள். மற்றதை, அதன் குறையையும் சேர்த்துச் சொல்லி, தேவைப்படுபவர் கண்ணில் படும்படி வையுங்கள். உடைந்த லேசரைத் தேடிய ஒருவர் இருந்ததுபோல, உங்கள் ரேடியோவைத் தேடுபவரும் எங்கேனும் இருக்கலாம்.